வளைகுடாவில் வளரும் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு உலகை நேசிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி?

ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்பமாக வாழும் தமிழ்க் கிறிஸ்தவப் பெற்றோரிடம் பொதுவாக ஒரு நம்பிக்கை உண்டு. இத்தனை நாட்டவர் நடமாடும் ஊரில் வளர்வதால் பிள்ளைகளுக்குப் பரந்த மனம் தானாக வந்துவிடும் என்பதே அது. ஷார்ஜாவில் 16 ஆண்டுகள் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது தானாக வருவதில்லை. வகுப்பில் எகிப்தியப் பிள்ளையும் பிலிப்பைன்ஸ் பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும், பள்ளிப் பேருந்து நம் கட்டட வாசலில் இறக்கிவிட்டதும் வீட்டுக் கதவு சாத்தப்படுகிறது. அதற்குப் பிறகு நம் சாப்பாடு, நம் தொலைக்காட்சி, வார இறுதியில் நம் ஊர்க்காரர் வீடு என்று ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

தானாக வருவது வேறொன்று. என் மகளுடைய ஏழாவது பிறந்தநாளன்று கேக்கை வெட்டித் தட்டுகளில் வைத்து, அதே தளத்தில் இருந்த வீடுகளுக்கெல்லாம் அவள் கையிலேயே கொடுத்தனுப்பினோம். திரும்பி வந்தவளிடம், "கீழே நாத்தூருக்குக் கொடுத்தியாம்மா?" என்று கேட்டேன். நாத்தூர் என்பது இங்கே கட்டடக் காவலருக்கு எல்லா மொழிக்காரரும் வழங்கும் பெயர். "அவர் வெறும் நாத்தூர்தானேப்பா" என்றாள். அந்த 'வெறும்' என்ற சொல்லை நாங்கள் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் "இந்த ஊரில் பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் சம்பளம்" என்று நாங்கள் பேசியது, தண்ணீர்க் குடுவை கொண்டுவருபவரை வாசலிலேயே நிறுத்திக் காசு கொடுத்தது, வெள்ளைக்காரர் ஒருவர் மின்தூக்கியில் ஏறினால் மட்டும் எங்கள் குரல் மாறியது ஆகிய எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வளைகுடாவில் வளரும் பிள்ளை, வாய்ப்பாட்டைக் கற்பதற்கு முன்பே எந்த நாட்டவர் மேலே, எந்த நாட்டவர் கீழே என்ற கணக்கைக் கற்றுவிடுகிறது. பிள்ளையின் மனத்தில் உலகம் விரிய வேண்டும் என்று விரும்பும் பெற்றோருக்கு முதல் வேலை இந்தக் கணக்கை அழிப்பதுதான். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகே.

பெயரிலிருந்து தொடங்குங்கள்

நாள்தோறும் உங்கள் குடும்பம் பார்க்கும் மனிதர்களை ஒரு தாளில் எழுதுங்கள்: நாத்தூர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர், பேருந்தில் வரும் ஆயா, தெருமுனைக் கஃபித்தேரியாவில் கரக் சாயா போடுபவர், படிக்கட்டைத் துடைப்பவர், மளிகைக் கடையிலிருந்து சைக்கிளில் பொருள் கொண்டுவரும் இளைஞர். ஒவ்வொருவரின் பெயரும் உங்களுக்குத் தெரியுமா என்று பாருங்கள். நாங்கள் எழுதியபோது பதினோரு பேரில் இருவரின் பெயர்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அத்தனை பேரும் என் பெயரை அறிந்திருந்தார்கள்.

அடுத்து, பிள்ளை கூட இருக்கும்போதே நீங்கள் போய்ப் பெயரைக் கேளுங்கள். ஊர் எது, பிள்ளைகள் எத்தனை பேர், கடைசியாக எப்போது ஊருக்குப் போனீர்கள் என்று கேளுங்கள். தெரிந்த இந்தியோ மலையாளமோ போதும். வீட்டுக்கு வந்ததும் அந்த ஊரை வரைபடத்தில் தேடுங்கள். எங்கள் நாத்தூரின் ஊர் பெஷாவருக்கு வடக்கே, ஸ்வாத் பள்ளத்தாக்கில் இருந்தது. பாகிஸ்தான் என்றால் கிரிக்கெட் எதிரணி என்று மட்டும் அறிந்திருந்த மகனுக்கு, ஆப்பிளும் பனியும் உள்ள ஒரு மலைநாடாக அது அன்றைக்கு மாறியது. வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது என்பது நம் வீட்டுப் பழக்கம் ஆகையால், பிள்ளைகள் அவரைச் 'சாச்சா' (சித்தப்பா) என்று அழைக்கத் தொடங்கினார்கள். முறை சொல்லி அழைத்தபின் 'வெறும் நாத்தூர்' என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

குடும்ப ஜெபத்தில் உலக நாடுகளுக்காக ஜெபிப்பது நல்ல பழக்கம். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு நாடு என்று பட்டியல் வைத்து ஜெபித்தால் மூன்றாம் வாரத்தில் பிள்ளைகளுக்கு அது மனப்பாடமாகிவிடும். மாதத்துக்கு ஒரு நாடு போதும், அதுவும் பெயர் தெரிந்த ஒருவருடைய நாடாக இருக்கட்டும். "பாகிஸ்தானை ஆசீர்வதியும்" என்று சொல்லும் பிள்ளையைவிட, "சாச்சாவின் மகனுக்கு நாளைக்குப் பரீட்சை, உதவி செய்யும்" என்று சொல்லும் பிள்ளை அதிகம் கற்றிருக்கிறது. பரீட்சை எப்படி இருந்தது என்று அந்தப் பிள்ளையே போய்க் கேட்கும், பாருங்கள்.

யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தைப் பிள்ளைகளோடு மெதுவாக வாசியுங்கள். பொன் மோதிரம் போட்டவருக்கு நல்ல இருக்கை, கந்தல் உடுத்தியவருக்குப் பாதபடி என்று பிரித்த சபையை அது கண்டிக்கிறது. "நம் கட்டடத்தில் அந்தப் பாதபடியில் யாரை உட்கார வைத்திருக்கிறோம்?" என்று கேட்டுவிட்டு, பிள்ளை பதில் சொல்லும்வரை காத்திருங்கள். லேவியராகமம் 19:34, அந்நியனைச் சுதேசியைப் போல எண்ண வேண்டும் என்று சொல்வதோடு, நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தீர்களே என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது. விசா முடியும் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்தக் காரணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கொடுப்பதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இங்கே ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12.30 மணியிலிருந்து 3 மணிவரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். அந்த நேரத்தில் கட்டட வேலைக்காரர்கள் நிழல் தேடிப் படுத்திருப்பார்கள். குளிர்ந்த தண்ணீரும் லபன் என்னும் மோர் பாக்கெட்டுகளும் பெட்டியில் எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு போய்க் கொடுப்பது நல்லது. ஆனால் அங்கே படம் எடுக்காதீர்கள். உரிமம் பெற்ற அமைப்பு மூலமாக அல்லாமல் பிறரிடம் நன்கொடை திரட்டுவது இந்நாட்டில் குற்றம் என்பதால், சபை வாட்ஸ்அப் குழுவில் "ஆளுக்கு ஐம்பது திர்ஹம்" என்று வசூல் தொடங்கவும் வேண்டாம். சொந்தப் பணத்தில் செய்யுங்கள். இதைவிட முக்கியமானது, அவர்களிடமிருந்து பெற்றுக்கொள்வது. கொடுத்துக்கொண்டே மட்டும் இருக்கும் வீட்டுப் பிள்ளை இரக்கத்தைக் கற்கும், சமத்துவத்தைக் கற்காது. பெருநாளன்று சாச்சா தம் சிறிய அறைக்கு எங்களை அழைத்து, செய்தித்தாளை விரித்து, ஒரே பெரிய தட்டில் புலாவ் வைத்தார். நால்வரும் அவரோடு அந்தத் தட்டிலிருந்தே சாப்பிட்டோம். இறைச்சித் துண்டுகளை அவர் என் பிள்ளைகளின் பக்கமாகவே தள்ளிக்கொண்டிருந்தார். அந்த ஒரு வேளை சாப்பாடு செய்ததை என்னுடைய ஐந்தாண்டுப் போதனை செய்திருக்காது.

சபை வளாகத்தின் மற்ற அறைகள்

உலகச் சபை என்றால் என்ன என்று காட்ட நீங்கள் விமானம் ஏற வேண்டியதில்லை. ஷார்ஜாவில் யர்மூக், துபாயில் ஊத் மேத்தாவும் ஜெபல் அலியும் என ஆட்சியாளர்கள் ஒதுக்கிக்கொடுத்த நிலத்தில் ஆலயங்கள் அருகருகே நிற்கின்றன. ஒரே வளாகத்தில் ஒரு மண்டபத்தில் தமிழ் ஆராதனை, அடுத்ததில் மலையாளம், மாடியில் பிலிப்பைன்ஸ் மக்களின் தகாலோக், பின்கட்டில் எத்தியோப்பியரின் அம்ஹாரிக் என்று மணிக்கணக்கு வைத்து ஆராதனைகள் நடக்கின்றன. நாமோ காரை நிறுத்தி, நம் மண்டபத்துக்குள் நுழைந்து, ஆசீர்வாதம் கூறி முடிந்ததும் பிரியாணிப் பொட்டலத்தோடு திரும்பிவிடுகிறோம்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, நம் ஆராதனை முடிந்தபின் வேறொரு சபையின் ஆராதனையில் குடும்பமாகக் கடைசி வரிசையில் உட்காருங்கள். முன்கூட்டியே அந்தச் சபையார் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது மரியாதை. புரியாத மொழியில் இரண்டு மணி நேரம் உட்கார்வது பிள்ளைகளுக்குக் கடினம்தான். சிறு பிள்ளைகளானால் அரை மணி நேரம் போதும். எத்தியோப்பியச் சகோதரிகள் வெள்ளை ஆடை போர்த்தி மேளத்துக்கு அசைந்து துதிப்பதைப் பார்த்த என் மகன், "அவங்க ஜெபத்துல நம்மளவிட அதிகமா நிக்கிறாங்கப்பா" என்றான். அது போதுமான பாடம்.

பண்டிகைகள் இதற்கு மிகவும் ஏற்றவை. பிலிப்பைன்ஸ் மக்கள் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள் தொடர்ந்து ஆராதனை நடத்திக் கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகிறார்கள். எகிப்தின் கோப்திக் சபையார் 43 நாள் இறைச்சியும் பாலும் தவிர்த்து நோன்பிருந்து ஜனவரி 7 அன்று கிறிஸ்துமஸைக் கொண்டாடுகிறார்கள். வகுப்பில் கோப்திக் பிள்ளை இருந்தால் ஜனவரி 7 அன்று வாழ்த்து அட்டையோடு உங்கள் பிள்ளையை அனுப்பிவையுங்கள். எல்லாரும் மறந்துவிட்ட நாளில் அந்த வாழ்த்தின் மதிப்பு தெரியும். மார்ச் மாத முதல் வெள்ளிக்கிழமை அனுசரிக்கப்படும் உலக ஜெப தினத்தின் ஆராதனை முறையை ஒவ்வோர் ஆண்டும் வெவ்வேறு நாட்டுக் கிறிஸ்தவப் பெண்கள் எழுதுகிறார்கள். 2024 இல் பாலஸ்தீனப் பெண்களும் 2025 இல் குக் தீவுகளின் பெண்களும் எழுதினார்கள். அந்த நாட்டுக் குரலிலேயே அந்த நாட்டுக்காக ஜெபிக்கப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் கண்டதில்லை.

பதின்வயதுப் பிள்ளைகளிடம் 2015 பிப்ரவரியில் லிபியாவில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட 21 பேரைப் பற்றிப் பேசலாம். இருபது பேர் எகிப்தியக் கோப்திக் கிறிஸ்தவர்கள், ஒருவர் கானா நாட்டவர். அனைவரும் பிழைப்புக்காக நாடு விட்டு நாடு போன கூலித் தொழிலாளர்கள். இரத்தசாட்சி என்றால் பழங்காலத்து ரோமாபுரி என்று எண்ணியிருக்கும் பிள்ளைக்கு, கட்டட வேலைக்காரரின் உடையில் ஒரு பரிசுத்தவானைப் பார்ப்பது நம் முதல் பாடத்தை இன்னும் ஆழமாக்கும். அந்தக் காணொளியை மட்டும் ஒருபோதும் காட்டாதீர்கள்.

இந்த மண்ணும் நம் விசுவாசமும்

அரபு நாடு கிறிஸ்தவத்துக்கு அந்நியம் என்று பிள்ளைகள் எண்ணிக்கொண்டு வளர்வது சரியன்று. பெந்தெகொஸ்தே நாளில் தங்கள் பாஷையில் தேவனுடைய மகத்துவங்களைக் கேட்டவர்களின் பட்டியலில் அரபியரும் இருக்கிறார்கள் (அப்போஸ்தலர் 2:11). பவுல் தாம் அழைக்கப்பட்டவுடன் போனது அரபி தேசத்துக்கு (கலாத்தியர் 1:17). அபுதாபியைச் சேர்ந்த சர் பனி யாஸ் தீவில் 1992 இல் பழைய கிறிஸ்தவ மடம் ஒன்றின் எச்சங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. 2022 இல் உம் அல் குவைனின் சினியா தீவிலும் மற்றொரு மடம் கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அவற்றின் படங்களைக் காட்டுங்கள். நாம் முதல் ஆட்கள் அல்லர் என்பதைப் பிள்ளைகள் அறியும்போது, இங்கே வாழ்வதில் ஒரு பணிவு வருகிறது.

பள்ளியில் அரபு கட்டாயப் பாடம். நம் வீடுகளில் அது மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்கப்பட்டுத் தேர்வோடு மறக்கப்படுகிறது. அப்படி விடாதீர்கள். 1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானிய இளைஞர், திண்ணைப் பள்ளியில் நம் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். பத்து ஆண்டுகளுக்குள் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது. நம் மொழியை ஓர் அந்நியர் அப்படி மதித்ததால்தான் நம் கையில் வேதம் இருக்கிறது. அந்தக் கடனைத் தீர்க்க நம் பிள்ளை, பக்கத்து வீட்டுப் பாட்டியோடு பேசும் அளவுக்காவது அரபு கற்கட்டும்.

இஸ்லாமிய அண்டை வீட்டாரோடு வாழும்போது பிள்ளைகளிடம் இரண்டு தவறுகள் தோன்றலாம். வெளியில் தன் விசுவாசத்தை மறைக்கத் தொடங்குவது ஒன்று. வீட்டுக்குள் அவர்களை இகழ்வது மற்றொன்று. இரண்டுக்கும் பெரும்பாலும் பெற்றோரே காரணம். மதப் பிரசாரமும் துண்டுப் பிரசுரம் வழங்குவதும் இங்கே சட்டத்துக்குப் புறம்பானவை என்பதைப் பிள்ளைகளுக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதோடு, நண்பன் கேட்டால் "நான் கிறிஸ்தவன், நாங்கள் இப்படி ஜெபிப்போம்" என்று அமைதியாகப் பதில் சொல்லலாம் என்பதையும் சொல்லுங்கள். ரமலானில் பகலில் நோன்பிருப்பவர் முன் தின்னாமல் இருப்பதும், நோன்பு திறக்கும் இஃப்தாருக்கு அழைத்தால் பேரீச்சம்பழத்தோடு நேரத்துக்குப் போவதும் நல்ல அண்டை வீட்டாருக்கு அழகு. 2019 பிப்ரவரி 4 அன்று அபுதாபியில் திருத்தந்தை பிரான்சிஸும் எகிப்தின் இஸ்லாமியக் கல்வி நிலையமான அல் அஸ்ஹரின் தலைமை இமாம் அகமது அல் தய்யிபும் மனித சகோதரத்துவ ஆவணத்தில் கையெழுத்திட்டதை வளர்ந்த பிள்ளைகளோடு பேசலாம்.

ஒரு நாள் பிள்ளை, "என் தோழி இயேசுவை நம்பவில்லையே, அவளுக்கு என்ன ஆகும்?" என்று கேட்கும். அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள். நான் சொன்னது இதுதான்: "இயேசுவே வழி என்று நாம் விசுவாசிக்கிறோம், அதை ஒளிக்க வேண்டாம். உன் தோழியைப் படைத்தவரும் அவரே, அவளை உன்னைவிட அதிகமாக அவர் நேசிக்கிறார். தீர்ப்பு அவருடையது, நேசிப்பது நம்முடையது." உங்கள் சபையின் உபதேசத்துக்கு ஏற்றபடி வேறு சொற்களில் சொல்லலாம். ஆனால் அந்தத் தோழி மறுநாளும் வீட்டுக்கு விளையாட வரும்படியாக அந்தப் பதில் இருக்கட்டும்.

தமிழை விட்டுவிட்டு உலகைப் பிடிக்க முடியாது

பிள்ளை ஆங்கிலத்தில் மட்டும் ஜெபிக்கும் வீடுகளை இங்கே நிறையப் பார்க்கிறேன். ஆங்கிலம் குறையன்று. ஆனால் ஊரில் ஆச்சி தொலைபேசியில் தலைமேல் கைவைப்பதுபோல் ஜெபிக்கும்போது அதில் பாதி புரியாமல் பேரன் நிற்பது பெரும் இழப்பு. வேர் இல்லாத பிள்ளை எல்லா நாட்டையும் ரசிக்கலாம், எதற்கும் கடமைப்பட்டதாக உணராது என்பது என் உறுதியான எண்ணம். இரவில் ஒரு சங்கீதத்தைத் தமிழில் வாசியுங்கள். 23, 121, 100 ஆகிய சங்கீதங்களில் தொடங்குங்கள். பழைய மொழிபெயர்ப்பின் சொற்கள் கடினமாக இருந்தால், எளிய மொழிபெயர்ப்பிலும் அதே பகுதியை வாசித்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு வசனம் போதும், திருத்திக்கொண்டே இருக்காதீர்கள்.

சமையலறையில் ஒரு பானையும் வையுங்கள். எங்கள் ஊரில் என் ஆச்சி உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து ஊழியத்துக்கென்று பானையில் போடுவார்கள். மிசோராமின் பெண்கள் நூறாண்டுக்கு மேலாக இதே பிடி அரிசியால் சபையின் ஊழியத்தைத் தாங்கிவருகிறார்கள். ஷார்ஜா அடுக்குமாடி வீட்டில் என் மகன் அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துப் பிளாஸ்டிக் டப்பாவில் போடுகிறான். மாதக் கடைசியில் அதை எடைபோட்டு அதன் விலையைச் சபைக் காணிக்கையில் சேர்க்கிறோம். தொகை சிறியது. ஆனால் வெள்ளாளன்விளையில் பிறந்து பிற்காலத்தில் ஆயரான அசரியா 1903 இல் நம்மவரின் காணிக்கையைக் கொண்டே நம்மவரை ஊழியத்துக்கு அனுப்ப இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கிய கதையை, அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் பிள்ளைக்குப் புரிகிறது.

ஊருக்கு விடுமுறையில் போகும்போது ஒன்றை மறைக்காதீர்கள். சாதி. வளைகுடாவில் எல்லா நாட்டவரையும் நேசிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஊரில் சித்தப்பா "அவங்க வேற ஆளுங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும்போது நாம் மௌனமாக இருந்தால், நாம் கற்பித்த எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் பொய்யாகிவிடும். சபைக்குள் சாதி வேற்றுமையை அறவே விட்டுவிட வேண்டும் என்று கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் ஆணையிட்டது 1833 இல். தஞ்சைப் பகுதியில் பலர் அதை ஏற்க மறுத்துச் சபையை விட்டு விலகினார்கள். இரு நூற்றாண்டுகளை நெருங்கியும் கல்யாணப் பேச்சில் அது நம் வீடுகளில் உயிரோடு இருக்கிறது. பாஸ்போர்ட் கணக்கும் சாதிக் கணக்கும் ஒரே வாய்ப்பாட்டிலிருந்து வந்தவை என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சித்தப்பாவிடமும் மரியாதையோடு, பிள்ளைகள் கேட்கவே, மறுத்துச் சொல்லுங்கள். இதைச் செய்ய எனக்கு மூன்று விடுமுறைகள் பிடித்தன. முதல் இரண்டிலும் பேச்சை மாற்றினேன். அதை மகள் கவனித்து, விமானத்தில் திரும்பும்போது என்னிடம் கேட்டாள்.

பிரிவுகளுக்கு ஆயத்தப்படுத்துங்கள்

வேலையோடு கட்டப்பட்ட விசாவில் வாழும் இந்த ஊரில், ஒவ்வொரு ஜூன் மாதமும் வகுப்பிலிருந்து சிலர் காணாமற் போகிறார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ரூத் உசீம், 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தபின், இப்படி இரு பண்பாடுகளுக்கு நடுவில் வளர்வோருக்கு 'மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்' என்று பெயரிட்டார். இவர்கள் சீக்கிரம் பழகுவார்கள். பலமுறை பிரிந்தபின், யாரையும் நெருங்கவிடாமலும் இருந்துவிடுவார்கள். "அவனும் போயிடுவான், எதுக்கு ஃப்ரெண்ட் பிடிக்கணும்?" என்று பத்து வயதில் என் மகன் கேட்டான். அப்படிக் கேட்கும் பிள்ளைக்கு ஆறுதல் மொழி பயன்படாது. போகிறவருக்கு முறையாக விடைகொடுக்கப் பழக்குங்கள்: வீட்டுக்கு அழைத்து ஒரு வேளை சாப்பாடு, பெற்றோர் அனுமதித்தால் தலையில் கைவைத்து ஒரு சிறு ஜெபம், மூன்று மாதத்துக்குள் ஓர் அழைப்பு. எரேமியா 29:7, சிறைப்பட்டுப் போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபிக்கச் சொல்கிறது. எத்தனை ஆண்டு இருப்போம் என்று தெரியாத ஊரிலும் முழு மனத்தோடு வாழலாம் என்பதற்கு எங்கள் வீட்டில் அந்த வசனத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கிறோம்.

பள்ளி முடித்து மேற்படிப்புக்காகப் பிள்ளை இந்தியாவுக்கோ கனடாவுக்கோ தனியே போகும் காலம் வரும். போவதற்கு ஒரு மாதம் முன்பு, முதலில் எழுதிய அந்தப் பதினோரு பேர் தாளை எடுத்து, இன்னும் இருப்பவர்களிடம் நேரில் போய் விடைபெறச் சொல்லுங்கள். போகும் ஊரில் எந்தச் சபை என்பதை விமானச் சீட்டு எடுக்கும்போதே விசாரித்துவிடுங்கள். தமிழ்ச் சபை இருந்தால் நல்லது, ஆனால் மாதம் ஒருமுறையாவது அந்த ஊர்க்காரரின் சபைக்கும் போகும்படி சொல்லுங்கள். ஞானஸ்நானச் சான்றிதழின் நகலையும், போதகரிடம் கேட்டு வாங்கிய சபை அறிமுகக் கடிதத்தையும், மதிப்பெண் சான்றிதழ்கள் இருக்கும் அதே கோப்பில் வைத்து அனுப்புங்கள். போய்ச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அந்தக் கடிதத்தைப் போதகர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.